வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்

வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் (செப்டம்பர் 1, 1835 - ஆகஸ்ட் 13, 1882) இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளரும் தருக்கவியலாளரும் ஆவார். ஒரு பொருளின் மதிப்பை அதன் ஆக்கத்துக்குச் செலவான உழைப்பு நேரடியாகத் தீர்மானிப்பதில்லை என்றும், அப்பொருளின் கடைசிச் சிறு பகுதியிலிருந்து நுகர்வோர் பெறும் பயன்பாடே தீர்மானிக்கிறது என்றும் கணித முறையில் எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர். ஆஸ்திரியாவின் கார்ல் மெங்கர், பிரான்சில் பிறந்து சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய லியோன் வல்ராஸ் ஆகியோருடன் இவரது பெயரும் சேர்த்துக் கூறப்படுவது வழக்கம். நுண்பொருளியல் பாடநூல்களின் தொடக்கத்தில் வரும் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியும் சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதியும் ஆங்கிலப் பொருளியலுக்குள் வந்தது பெரும்பாலும் இவர் வழியாகவே ஆகும்.

இளமை

ஜெவன்ஸ் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஜெவன்ஸ் இரும்பு வணிகர். தாய் மேரி ஆன், வங்கியாளரும் வரலாற்றாசிரியருமான வில்லியம் ராஸ்கோவின் மகள். யூனிட்டேரியன் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த, படிப்பில் நாட்டம் மிகுந்த குடும்பம் அது. எனினும் இவரது இளமை துயரம் நிறைந்ததாகவே இருந்தது. 1845 இல் தாய் இறந்தார். அதன்பின் மூத்த சகோதரர் மனநோய்க்கு ஆளானார். இருப்புப்பாதைப் பங்குகளில் ஏற்பட்ட வீழ்ச்சியைத் தொடர்ந்து 1848 இல் குடும்ப நிறுவனம் நொடித்துப் போனது. பணம் என்பது எவ்வளவு விரைவில் மதிப்பிழக்கக்கூடும் என்பதை இவர் பதின்மூன்று வயதுக்குள் வீட்டிலேயே கண்டுவிட்டார்.

பதினைந்தாம் வயதில் இலண்டன் சென்ற ஜெவன்ஸ், யூனிவர்சிட்டி கல்லூரியில் வேதியியலும் தாவரவியலும் கற்றார். பட்டம் பெறுவதற்கு முன்னரே எதிர்பாராத வேலை வாய்ப்பு ஒன்று வந்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து சிட்னியில் நாணயச்சாலை ஒன்று அமைக்கப்பட்டு வந்தது. அங்கே தங்கத்தின் தூய்மையைச் சோதித்துக் கணிக்கும் மாற்றுப் பார்ப்பவர் பணிக்கு இவரது ஆசிரியர்கள் இவரைப் பரிந்துரைத்தனர். படிப்பை இடையில் விட இவருக்கு மனமில்லை. ஆயினும் குடும்பத்தின் நிலை கருதி ஒப்புக்கொண்டு, 1854 இல் பதினெட்டாவது வயதில் கப்பலேறினார்.

சிட்னியில்

சிட்னியில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்தார். தங்கத்தை நிறுத்துச் சோதிக்கும் வேலை நல்ல ஊதியத்தைத் தந்தது. மிகுந்த ஓய்வையும் தந்தது. மழை, வெப்பம், காற்றழுத்தம் முதலியவற்றை நாள்தோறும் அளந்து குறித்து, ஆஸ்திரேலியத் தட்பவெப்பம் பற்றி விரிவான கட்டுரை எழுதினார். அக்காலத்தில் புதியதாக இருந்த ஒளிப்படக் கலையையும் பயின்றார். 1858 இல் சிட்னியின் தெருக்களை நடந்தே பார்த்து, எப்பகுதியில் எவ்வகை மக்கள் எந்நிலையில் வாழ்கின்றனர் என்று பதிவு செய்தார்.

பொருளியல் பக்கம் இவரைத் திருப்பியது நியூ சவுத் வேல்சில் நடந்த இருப்புப்பாதை விவாதம் ஆகும். பாதை அமைக்க அரசு செலவிடலாமா, கட்டணத்தை எவ்வாறு விதிப்பது என்ற வினாக்கள் குறித்து இவர் சிட்னிப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அளக்கக்கூடிய எதனையும் அளந்து பார்க்கும் பழக்கமுடைய இவருக்கு, பொருளியல் என்பது தன் இயல்பிலேயே கணிதம் சார்ந்தது என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கக்கூடிய அளவுகளைப் பற்றிப் பேசும் துறை கணிதத்தைத் தவிர்ப்பது எப்படி என்பது இவரது கேள்வி. 1859 இல் ஊதியமிக்க பணியைத் துறந்து, அமெரிக்கா வழியாக இங்கிலாந்து திரும்பி, மீண்டும் மாணவரானார். நண்பர்கள் பலருக்கு இம்முடிவு வியப்பாக இருந்தது.

பயன்பாட்டுக் கோட்பாடு

1860 ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே தமது கோட்பாட்டின் அடிப்படையை ஜெவன்ஸ் கண்டடைந்துவிட்டார். அவ்வாண்டு ஜூன் 1 அன்று சகோதரர் ஹெர்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் இது பற்றிக் குறிப்பிடுகிறார். ஆயினும் அதே ஆண்டு கல்லூரியில் நடந்த அரசியல் பொருளாதாரத் தேர்வில் இவருக்கு முதலிடம் கிடைக்கவில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1848 இல் வெளியிட்ட நூலே அப்போது பாடமாக இருந்தது. மதிப்பு பற்றிய விதிகளில் இனி விளக்க வேண்டியது எதுவும் எஞ்சவில்லை என்று மில் அந்நூலில் எழுதியிருந்தார்.

எஞ்சியிருந்தது என்ன என்பதை ஒரு பழைய புதிர் மூலம் விளங்கிக்கொள்ளலாம். தண்ணீர் இன்றி உயிர் வாழ முடியாது. அதன் விலை மிகக் குறைவு. வைரம் இன்றி எவரும் வாழலாம். அதன் விலை மிக அதிகம். பயன்தான் மதிப்பைத் தருகிறது என்றால் இது எப்படிப் பொருந்தும்? இக்காரணத்தால் ஆடம் ஸ்மித்தும் ரிக்கார்டோவும் பயனை ஒதுக்கிவிட்டு உழைப்பிலும் ஆக்கச் செலவிலும் மதிப்பின் வேரைத் தேடினர்.

ஜெவன்ஸ் மொத்தப் பயன்பாட்டையும் கடைசி அலகின் பயன்பாட்டையும் வேறுபடுத்தினார். ஒரு வீட்டுக்கு நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் மட்டும் கிடைத்தால் அது குடிக்கவே செலவாகும். அதற்கு எவ்விலையும் தரலாம். இரண்டாம் குடம் சமைக்க, மூன்றாவது குளிக்க, பத்தாவது முற்றம் கழுவ என்று பயன் இறங்கிக்கொண்டே போகும். இருபதாம் குடத்தை யாரேனும் எடுத்துச் சென்றாலும் வீட்டார் பொருட்படுத்தமாட்டார்கள். குடங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை. எனவே எந்த ஒரு குடத்தின் மதிப்பும் இருபதாம் குடத்தின் மதிப்புதான். தண்ணீரின் மொத்தப் பயன் அளவிட முடியாதது. ஆனால் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது அந்த மொத்தம் அன்று.

இக்கடைசி அலகின் பயனுக்கு ஜெவன்ஸ் இட்ட பெயர் இறுதிப் பயன்பாட்டு அளவு என்று பொருள்படும். விளிம்பு என்று பொருள்படும் இன்றைய ஆங்கிலக் கலைச்சொல் அவருக்குப் பின்னரே நிலைபெற்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் இறுதிநிலைப் பயன்பாடு என்னும் சொல், இலங்கையில் வழங்கும் எல்லைப் பயன்பாடு என்பதைவிட ஜெவன்சின் மூலச்சொல்லுக்கு நெருக்கமாக அமைந்திருப்பது சுவையான செய்தி.

நுகர்வோரின் தெரிவு பற்றிய விதி இதிலிருந்தே பிறக்கிறது. ஒருவர் தம்மிடம் உள்ளதைப் பல பயன்களுக்குப் பகிரும்போது, எல்லாப் பயன்களிலும் கடைசிப் பகுதி தரும் பயன் சமமாகும் வரை மாற்றி மாற்றி அமைப்பார். ஓர் எளிய எடுத்துக்காட்டு: ஒரு ரொட்டி 2 பென்ஸ், ஒரு கோப்பை தேநீர் 1 பென்ஸ் என்று கொள்வோம். ஒருவர் வாங்கும் கடைசி ரொட்டி அவருக்கு 10 அலகு பயனும், கடைசித் தேநீர் 8 அலகு பயனும் தருகின்றன. ரொட்டியில் ஒரு பென்சுக்கு 5 அலகு, தேநீரில் 8 அலகு. அவர் ஒரு ரொட்டியைக் குறைத்து இரண்டு கோப்பை தேநீரைக் கூட்டினால் இழப்பது 10. பெறுவது 7 உம் 6 உம் சேர்ந்து 13. இப்போது எஞ்சிய ரொட்டிகளில் கடைசியானது 12 அலகு, அதாவது பென்சுக்கு 6. கடைசித் தேநீரும் பென்சுக்கு 6. இனி மாற்றுவதால் ஆதாயம் இல்லை. இதுவே நுகர்வோர் சமநிலை எனப்படுகிறது.

உழைப்புக்கு மதிப்பில் எந்தப் பங்கும் இல்லை என்று ஜெவன்ஸ் கூறியதாகச் சிலர் எழுதுவது சரியன்று. ஆக்கச் செலவு அளிப்பைத் தீர்மானிக்கிறது, அளிப்பு இறுதிப் பயன்பாட்டைத் தீர்மானிக்கிறது, இறுதிப் பயன்பாடு மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதே அவர் காட்டிய சங்கிலி. வேலை செய்வதையும் அவர் இதே தராசில் நிறுத்தார். கடைசி மணி நேர உழைப்பின் துன்பமும் அது ஈட்டித் தரும் பொருளின் இன்பமும் சமமாகும் இடத்தில் தொழிலாளி வேலையை நிறுத்துவார் என்றார். நாள்கூலிக்குக் கட்டுண்ட ஆலைத் தொழிலாளிக்கு அத்தகைய தெரிவு இருந்ததா என்பது வேறு கேள்வி.

எழுதியும் கவனிக்கப்படாமை

இக்கோட்பாட்டின் சுருக்கம் 1862 இல் கேம்பிரிட்ஜில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. அது முழுமையாக அச்சேற நான்கு ஆண்டுகள் ஆயின. ஜெவன்சுக்குப் புகழ் தேடித் தந்தது 1865 இல் வெளிவந்த நிலக்கரிச் சிக்கல் என்னும் நூலே ஆகும். பிரித்தானியாவின் தொழில் வளர்ச்சி மலிவான நிலக்கரியைச் சார்ந்தது; அது நெடுங்காலம் அதே வேகத்தில் தொடர இயலாது என்பது அதன் கருத்து. எந்திரங்களைச் சிக்கனமாக்கினால் நிலக்கரி மிச்சமாகும் என்போருக்கு, வாட்டின் நீராவி எந்திரம் வந்தபின் நிலக்கரி நுகர்வு கூடியதே என்று பதிலளித்தார். ஒரு வேலையைச் செய்ய ஆகும் செலவு குறைந்தால் அவ்வேலைக்கான தேவை பெருகும் என்னும் இக்கருத்து இன்று ஜெவன்ஸ் முரண்பாடு எனப்படுகிறது. மில் இந்நூலை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேசினார். பெட்ரோலியத்தின் வருங்காலத்தை மட்டும் ஜெவன்ஸ் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்.

1863 முதல் மான்செஸ்டரில் ஓவன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த இவர் 1866 இல் பேராசிரியரானார். 1867 இல் மான்செஸ்டர் கார்டியன் இதழை நிறுவியவரின் மகளான ஹாரியட் டெய்லரை மணந்தார். தாம் மறுக்கும் மில்லின் நூலையே மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது இவருக்குப் பெரும் மனவருத்தம் தந்தது. எடின்பரோவைச் சேர்ந்த பொறியாளர் ஃபிளீமிங் ஜென்கின் தேவை, அளிப்பு வளைகோடுகளை வரைந்து கட்டுரை வெளியிடவே, முந்திக்கொள்ள எண்ணி விரைந்து எழுதி முடித்த நூலே 1871 இல் வெளியான அரசியல் பொருளாதாரக் கோட்பாடு. இளம் ஆல்பிரட் மார்ஷல் அதற்கு எழுதிய மதிப்புரை குளிர்ந்ததாகவே இருந்தது.

1874 இல் வல்ராசின் கட்டுரை ஒன்று ஜெவன்சின் கைக்கு வந்தது. அடிப்படை ஒன்றாகவே இருப்பதைக் கண்டு, தமது 1862 ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சுட்டி வல்ராசுக்கு எழுதினார். வல்ராசும் அவரது முன்மையை ஏற்றுக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. ஓவன்ஸ் கல்லூரியில் இவருக்குப் பின் வந்த ராபர்ட் ஆடம்சன், ஹெர்மன் ஹைன்ரிக் கோசன் என்னும் பிரஷ்ய அதிகாரி 1854 இல் எழுதிய ஜெர்மன் நூலைக் கண்டெடுத்தார். விற்பனையாகாமையால் ஆசிரியரே திரும்பப் பெற்றுக்கொண்ட நூல் அது. கோசன் 1858 இல் மறைந்துவிட்டார். குறைந்து செல்லும் பயன்பாடு, பயன்களைச் சமப்படுத்தல் இரண்டும் அதில் தெளிவாக இருந்தன. ஜெவன்ஸ் இதனை மறைக்கவில்லை. 1879 இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் கோசனின் முன்மையை ஏற்று, நூலின் உள்ளடக்கத்தையும் விரிவாக எடுத்துரைத்தார். பாடநூல்கள் இவ்விரு விதிகளையும் கோசனின் விதிகள் என்று அழைப்பதற்கு இம்முன்னுரை முக்கிய காரணம் ஆகும்.

அளக்க முடியாமை

பயனை நேரடியாக அளக்கும் கருவி இல்லை என்பதை ஜெவன்ஸ் அறிந்திருந்தார். ஒருவர் மனத்தின் இன்பத்தை மற்றொருவர் மனத்தின் இன்பத்தோடு ஒப்பிடவும் இயலாது என்றார். ஆனால் ஒரே மனிதர் இரண்டில் ஒன்றைத் தெரிவதைப் பார்க்கலாம். வாங்கும் அளவும் விலையும் புள்ளிவிவரமாகக் கிடைக்கும். ஈர்ப்பு விசையை ஊசலின் அசைவால் அறிவது போன்றது இது என்பது அவர் வாதம். இருப்பினும் அவரது சமன்பாடுகள் பயனை எண்ணாகவே கொண்டன. அவரது நண்பர் எட்ஜ்வொர்த் 1881 இல் அறிமுகப்படுத்திய சமநோக்கு வளைகோடுகளை, பின்னர் பரேட்டோவும், 1934 இல் ஹிக்சும் ஆலனும் வளர்த்தெடுத்தனர். எவ்வளவு என்று கேளாமல் எது மேல் என்று மட்டும் கேட்டாலே நுகர்வோர் தெரிவை விளக்கலாம் என்று அவர்கள் காட்டினர்.

பிற பணிகள்

தருக்கவியலிலும் ஜெவன்ஸ் பெயர் பெற்றவர். விசைகளை அழுத்தினால் முரண்பட்ட முடிவுகளை நீக்கிக் காட்டும் தருக்கப் பியானோ என்னும் பொறியை அமைத்து, 1870 இல் ராயல் கழகத்தில் இயக்கிக் காட்டினார். 1872 இல் அக்கழகத்தின் உறுப்பினரானார். விலைக் குறியீட்டெண்களுக்குப் பெருக்கல் சராசரியைப் பயன்படுத்தினார். வணிக நெருக்கடிகள் சூரியக் கரும்புள்ளிகளின் சுழற்சியைப் பின்பற்றுகின்றன என்ற இவரது கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. கரும்புள்ளிகள் இந்தியாவின் விளைச்சலைப் பாதித்து, அதனால் லங்காசயர் துணிகளுக்கான தேவை குறைகிறது என்று அவர் இணைப்புக் காட்ட முயன்றார்.

1881 இல் பொது நூலகங்களை ஆதரித்து எழுதிய கட்டுரையில் பயன்பாட்டுக் கோட்பாட்டை அழகாகப் பயன்படுத்தினார். ஒருவர் வீட்டில் உறங்கும் நூல் நூலகத்தில் பல நூறு பேருக்குப் பயன்படும்; செலவு கூடாமல் பயன் பெருகும் என்றார். சிறு குழந்தைகளின் தாய்மார்களை ஆலைகளில் வேலைக்கு அமர்த்தக்கூடாது என்று மறு ஆண்டில் வாதிட்டபோதோ, அத்தாய்மாரின் தெரிவுக்கு அவர் அத்துணை இடம் அளிக்கவில்லை.

மறைவு

1876 இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு மாறிய ஜெவன்ஸ், உடல்நலக் குறைவாலும் எழுதுவதற்கு நேரம் வேண்டியும் 1880 இல் பதவி விலகினார். 1882 ஆகஸ்ட் 13 அன்று, ஹேஸ்டிங்சுக்கு அருகே குடும்பத்துடன் தங்கியிருந்தபோது கடலில் குளிக்கச் சென்று மூழ்கி இறந்தார். அப்போது வயது 46. எழுதி முடிக்காத பொருளியல் பெருநூல் 1905 இல் அரைகுறையாகவே வெளியிடப்பட்டது. கடிதங்களையும் நாட்குறிப்பையும் மனைவி 1886 இல் பதிப்பித்தார். தந்தை இறந்தபோது ஆறு வயதாக இருந்த மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்சும் பொருளியலாளரானார். 1911 இல் தந்தையின் நூலுக்கு நான்காம் பதிப்பைக் கொண்டுவந்த அவர், பின்னர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1916 இல் இந்தியப் பொருளியல் ஆய்விதழைத் தொடங்கினார்.