இப்ராஹீம் முத்தஃபர்ரிகா: வீட்டில் அச்சகம் வைத்தவரும் அவரோடு நின்றவர்களும்

அச்சுக்கலை முஸ்லிம் உலகுக்குத் தாமதமாக வந்ததற்கு உலமாக்களே காரணம் என்று பேசுவதும் எழுதுவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உஸ்மானிய சுல்தான்கள் அச்சிடுவோருக்கு மரண தண்டனை விதித்து ஆணையிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அந்த ஆணையின் மூலத்தை இதுவரை எவரும் எடுத்துக் காட்டியதில்லை. நமக்குத் தெளிவாகத் தெரிவது, இஸ்தான்புல்லில் முதன்முதலாகத் துருக்கி மொழி நூல்களை அரபு எழுத்தில் அச்சிட்ட மனிதரின் வரலாறு. அதில் உலமாக்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இப்ராஹீம் 1670களில், இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் கொலோஷ்வார் நகரில், ஹங்கேரிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் வைத்த பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை. இளமையில் உஸ்மானிய மண்ணுக்கு வந்து சேர்ந்தார். கைதியாகப் பிடிபட்டு வந்தார் என்று சிலரும், தாமாகவே வந்தார் என்று சிலரும் எழுதுகிறார்கள். இஸ்லாத்தை ஏற்றார். 1710இல், தாம் விட்டு வந்த மார்க்கத்தையும் ஏற்ற மார்க்கத்தையும் ஆராய்ந்து ‘ரிஸாலா-இ இஸ்லாமிய்யா’ என்ற நூலை எழுதினார். அரண்மனைப் பணியில் ‘முத்தஃபர்ரிகா’ என்ற பிரிவில் சேர்ந்ததால் அந்தப் பதவியே அவர் பெயரானது. லத்தீன் அறிந்தவர் என்பதால் தூது வேலைகளும் அவரிடம் வந்தன. உஸ்மானியரிடம் அடைக்கலம் புகுந்திருந்த ஹங்கேரிய இளவரசர் ராகோட்ஸிக்கு அரசின் சார்பில் தொடர்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார்.

அச்சு இஸ்தான்புல்லுக்குப் புதிதல்ல. யூதர்கள் 1493இலேயே அங்கு அச்சகம் வைத்திருந்தார்கள். பின்னர் அர்மீனியர்களும் கிரேக்கர்களும் வைத்தார்கள். முஸ்லிம்களின் நூல்கள் மட்டும் கையெழுத்துப் பிரதிகளாகவே புழங்கின. இப்ராஹீம் முதலில் நூலில் கைவைக்கவில்லை. 1719-20 வாக்கில் மர்மரா கடலின் வரைபடம் ஒன்றை அச்சிட்டு, பிரதம அமைச்சர் தாமாத் இப்ராஹீம் பாஷாவுக்குக் கொடுத்தார். தம்மால் முடியும் என்பதைச் சொல்லாமல், செய்து காட்டிவிட்டார்.

ஆனாலும் ஒருவர் கையால் ஆகிற வேலையல்ல இது. பணம் வேண்டும், எழுத்து வார்க்கும் கைவினைஞர் வேண்டும், அரசின் அனுமதி வேண்டும், மார்க்க அறிஞர்களின் ஒப்புதல் வேண்டும். எல்லாவற்றையும்விட, பிழை பிடிக்கும் கண்கள் வேண்டும்.

முதலில் கிடைத்த துணை ஸஈத் எஃபெந்தி. 1720-21இல் அவருடைய தந்தை உஸ்மானியத் தூதராகப் பாரிஸ் சென்றபோது உடன் சென்றவர். அங்கே கண்டவை அவர் மனதில் தங்கியிருந்தன. அவர் அச்சகத்தில் பங்காளியானார். எழுத்து வார்ப்புக்கும் அச்சு வேலைக்கும் யோனா அஷ்கனாஸி என்ற யூத அச்சாளர் கைகொடுத்தார். போலந்துப் பகுதியிலிருந்து வந்து இஸ்தான்புல்லில் எபிரேய நூல்களை அச்சிட்டு வந்தவர் அவர். தொழில் தெரிந்தவர் யாரோ அவரிடம் போய்க் கற்பதில் இப்ராஹீமுக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

1726இல் ‘வஸீலத்துத் திபாஆ’ என்ற சிறு நூலை எழுதி அரசிடம் கொடுத்தார். மங்கோலியப் படையெடுப்பிலும் அந்தலுஸின் வீழ்ச்சியிலும் அழிந்துபோன கிதாபுகளை அதில் நினைவூட்டினார். அச்சிட்டால் நூல்கள் அழியாமல் பெருகும், விலை குறையும், ஏழை மாணவரும் வாங்கலாம், நூலுக்குப் பொருளடக்கம் சேர்க்கலாம் என்று பயன்களை அடுக்கினார். ஐரோப்பியர் அரபு நூல்களைப் பிழை மலிய அச்சிட்டு விற்பதையும் சுட்டிக்காட்டினார். இந்தக் கடைசிச் செய்தி உலமாக்களுக்கு நிச்சயம் உறைத்திருக்கும்.

ஷைகுல் இஸ்லாம் அப்துல்லாஹ் எஃபெந்தி ஃபத்வா கொடுத்தார். குறைந்த உழைப்பில் நிறையப் பிரதிகள் உண்டாகி விலை மலிவது நல்ல காரியமே, ஆனால் அச்சேறும் மூலத்தை அறிஞர்கள் திருத்தித் தர வேண்டும் என்பது அதன் சாரம். 1727இல் சுல்தான் மூன்றாம் அஹ்மதின் ஆணை வந்தது. குர்ஆன், ஹதீஸ், தஃப்ஸீர், ஃபிக்ஹ், கலாம் நூல்கள் அனுமதியில் சேரவில்லை. அகராதி, வரலாறு, தர்க்கம், வானியல், புவியியல் போன்றவற்றுக்கு வழி திறந்தது.

மெய்ப்புப் பார்க்க அமர்த்தப்பட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். இஸ்தான்புல், ஸலோனிக்கா, கலதா ஆகிய மூன்று ஊர்களின் முன்னாள் காழிகள் மூவரும் காஸிம்பாஷா மவ்லவி தைக்காவின் ஷைகு ஒருவரும். ஸலோனிக்காவின் முன்னாள் காழி பீரிஸாதா ஸாஹிப் எஃபெந்தி, இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வைத் துருக்கியில் பெயர்த்தவர். கலதாவின் காழியாக இருந்த அஸ்அத் எஃபெந்தி அரிஸ்டாட்டிலின் நூல்களை அரபியில் பெயர்த்தவர். பீரிஸாதா பிற்காலத்தில் ஷைகுல் இஸ்லாம் பதவிக்கு வந்தார். இன்று நம் ஆலிம்களில் பலர் கிதாபை எழுதியவரே பிழையும் பார்த்து, மறுநாளே அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பது முகாபலா செய்து பழகியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அச்சகம் இருந்தது சுல்தான் ஸலீம் பகுதியில், இப்ராஹீமின் சொந்த வீட்டில். முதல் நூல் 1729 ஜனவரி இறுதியில் வெளிவந்தது. ஜவ்ஹரியின் ‘ஸிஹாஹ்’ அகராதிக்கு வான்குலு செய்த துருக்கி மொழிபெயர்ப்பு அது. இரண்டு பாகங்கள், 1000 பிரதிகள். தேர்வைக் கவனியுங்கள். மதரஸாவில் எல்லோருக்கும் தேவைப்படுவது, ஆட்சேபிக்க யாருக்கும் இடம் தராதது. நூலின் முகப்பில் ஃபத்வாவையும் சுல்தானின் ஆணையையும் பெரிய உலமாக்களின் தக்ரீழ்களையும் சேர்த்தே அச்சிட்டார். நாம் அணிந்துரையைப் பெரும்பாலும் அலங்காரத்துக்காக வாங்குகிறோம். அவருக்கு அது கேடயம்.

அந்தக் கேடயத்துக்குச் சீக்கிரமே வேலை வந்தது. 1730இல் பத்ரோனா கலீல் தலைமையில் கலகம் வெடித்தது. அச்சகத்துக்கு ஆதரவளித்த தாமாத் இப்ராஹீம் பாஷா கொல்லப்பட்டார். சுல்தான் அஹ்மத் அரியணை இழந்தார். அந்த அரசின் அடையாளங்களான மாளிகைகள் பல நாசமாயின. அச்சகம் தப்பியது. ஒரு பாஷாவின் தயவில் மட்டும் அது நின்றிருந்தால் அவரோடு போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஸஈத் எஃபெந்தி அரசுப் பணியால் விலகிய பிறகு, பாரம் முழுவதும் இப்ராஹீம் தோளில் விழுந்தது. 1732இல் தாம் எழுதிய ‘உஸூலுல் ஹிகம்’ நூலைத் தம் அச்சகத்திலேயே அச்சிட்டார். ஐரோப்பியப் படைகள் எப்படி வலுப்பெற்றன, உஸ்மானியர் ஏன் தோற்கிறார்கள், நாடுகள் எவ்வெவ்வகையில் ஆளப்படுகின்றன என்பதை அதில் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார். புதிய சுல்தான் மஹ்மூதுக்கே அதைச் சமர்ப்பித்தார். அனுமதியும் புதுப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் காத்திப் செலபியின் ‘ஜிஹான்னுமா’ என்ற புவியியல் நூலைத் தாமே சேர்த்த குறிப்புகளோடும் வரைபடங்களோடும் வெளியிட்டார். அவருடைய முதல் நூலான ‘ரிஸாலா’ மட்டும் கடைசிவரை கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது.

1742 வரை மொத்தம் 17 நூல்கள், பெரும்பாலானவை 500 பிரதிகள் வீதம். விற்பனை மந்தம். விலை குறையும் என்று அவர் எழுதியிருந்தாலும், பெரிய நூல்கள் சாதாரண மாணவர் கைக்கு எட்டவில்லை. காகிதத்துக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியிருந்ததால், 1740களில் யாலோவாவில் காகித ஆலை அமைக்க முனைந்து, போலந்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அந்த வேலைகளுக்கிடையில், அந்தப் பத்தாண்டின் நடுவிலேயே வஃபாத்தானார். அவர் விட்டுச்சென்ற சொத்துப் பட்டியலில் விற்காத பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அச்சகம் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பிறகு அவரிடம் தொழில் பழகிய காழி இப்ராஹீம் எஃபெந்தி, 1750களில் அதைத் திறந்து ‘வான்குலு’ அகராதியை இரண்டாம் பதிப்பாக அச்சிட்டார்.