குழந்தை உள்ளம் நாடிய மெலனி கிளைன் அம்மையார்

மழலைச் சொல் கேட்டு மகிழாதார் இலர். பேசாத குழந்தையின் உள்ளத்தை நாடிச் சென்றோரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் மெலனி கிளைன் அம்மையார்.

அம்மையார் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் வியன்னா நகரில் ஒரு மருத்துவரின் மகளாய்த் தோன்றினார். நான்காம் வயதில் தமக்கையையும், இருபதாம் வயதில் தமையனையும் இழந்தார். மருத்துவம் பயில விழைந்தார். 1903இல் நடந்த திருமணத்தால் அவ்விருப்பம் ஈடேறவில்லை. மூன்று மக்களுக்குத் தாயான அவர், புடாபெஸ்டு நகரில் பெரென்சி என்னும் அறிஞரிடம் உளப்பகுப்பாய்வு பெற்று, அத்துறையிலேயே ஈடுபட்டார். 1921இல் பெர்லினிலும், 1926இல் இலண்டனிலும் குடியேறினார். வளர்ந்தோர் சொல்லால் வெளியிடுவதைக் குழந்தை விளையாட்டால் வெளியிடும் என்பதே அவர் கண்ட நெறி.

1930இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் டிக் என்னும் புனைபெயருடைய நான்கு வயதுச் சிறுவனைக் காண்கிறோம். அவனுடைய சொல்வளம் ஒன்றரை வயதுக் குழந்தையின் அளவே. தாய் அருகிருப்பினும் அகலினும் அவனுக்கு ஒன்றே. இரயில் வண்டிகள், நிலையங்கள், கதவுகள் ஆகியவற்றில் மட்டும் நாட்டமுண்டு. அம்மையார் பெரிய பொம்மை வண்டியைத் தந்தை என்றும், சிறியதை டிக் என்றும் பெயரிட்டார். சிறுவன் சிறு வண்டியைச் சன்னல்வரை உருட்டிச் சென்று, நிலையம் என்று மொழிந்தான். நாடோறும் நிலையப் பெயர்களையே ஏட்டில் எழுதிவரும் என் உள்ளத்தை அவ்வொரு சொல் உருக்கிவிட்டது. நிலையம் என்பது தாயே என்று அம்மையார் பொருள் கூறினார். திங்கள் சில கழிய, அவன் சொற்கள் பெருகின என்றும் எழுதினார்.

அவர் அதனைக் குழந்தைப் பருவ மனச்சிதைவு எனக் கொண்டார். 1943இல் லியோ கானர் ஆட்டிசத்தை விளக்கிய பின், டிக்கும் அவ்வகையினனே எனப் பலர் கருதலாயினர். பின்வந்த உளப்பகுப்பாய்வாளர் சிலர், தாயின் அன்பின்மையே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று பழி சுமத்தினர். அன்னையர் பலர் அதனால் கண்ணீர் வடித்தனர். அக்கொள்கை தவறென ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. அது பெரிதும் மரபுவழியில் அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடாகும்.

1934இல் அம்மையாரின் மைந்தர் மலையேற்ற விபத்தில் மாண்டார். மகளோ தாயின் கொள்கையை அவையில் எதிர்த்து நின்றார். எனினும் பணி தளராது, 1960 செப்டம்பர் 22இல் இலண்டனில் மறைந்தார்.

அவர் கூறிய பொருள் பிழையாகலாம். பேசாக் குழந்தைக்கும் பேசும் உள்ளம் உண்டென்ற நம்பிக்கை பிழையன்று. நம் குடியிருப்பில் ஒரு குழந்தையின் பேச்சு தாமதித்தால், அன்பர்களே, தாயைக் குறை கூறாதீர். காலந் தாழ்த்தாது மருத்துவரை நாடத் துணை நில்லுங்கள்.