சினிமா ராணி டி. பி. இராஜலக்ஷ்மி அம்மையார்

முத்தமிழுள் நாடகத்திற்கும் ஓரிடம் வகுத்த நம் நாட்டில், அந்நாடகத்தை நடித்துக் காட்டிய மாந்தர்க்கு உரிய இடம் நெடுங்காலம் அளிக்கப்படவில்லை. கூத்தைக் கண்டு மகிழ்ந்தோரே கூத்தரை வீட்டுத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினர். மகளிர் மேடையேறினாலோ, குடும்பத்திற்கே அது வடுவென்று எண்ணினர். அத்தகைய காலத்திற் தோன்றி, தமிழ்ப் பேசும்படத்தின் முதல் நாயகியாக விளங்கிய டி. பி. இராஜலக்ஷ்மி அம்மையாரின் சரிதத்தை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கின்றோம். அம்மையார் நம் குலத்திற் பிறந்தவரல்லர். எனினும், ஒவ்வொரு குலத்தாரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளத் தக்க வினா ஒன்று அவர் வாழ்வில் உளதாகலின் இதனை எழுதத் துணிந்தோம்.

பழைய படங்களில் ஈடுபாடுடைய அன்பர்கள் கூடுமிடத்து, அம்மையாரைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிகழக் கேட்கின்றோம். முதற் படத்தில் நாயகியாக அமைந்தது காலம் தந்த வாய்ப்பே. முதல் என்பது வரிசையைக் குறிக்குமேயன்றித் தரத்தைக் குறிக்காது என்பர் ஒரு சாரார். அவர் பெருந்திறல் வாய்ந்த நடிகையே, உலகந்தான் மறந்துவிட்டது என்பர் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்ப்பது எளிதன்று. ஏனெனில், சாட்சியாய் நிற்க வேண்டிய படச்சுருள்களே அழிந்தொழிந்தன. 'காளிதாஸ்' இன்று காணக் கிடைப்பதில்லை; அவர் தாமே இயக்கிய 'மிஸ் கமலா'வும் அங்ஙனமே. ஆகவே, அவர் செய்த செயல்களை நோக்கித் தெளிதலே தக்க நெறியாம்.

அம்மையார் 1911-ம் ஆண்டு திருவையாற்றில், பஞ்சாபகேச சாஸ்திரியாரின் புதல்வியாகப் பிறந்தார். அக்கால வழக்கப்படி சிறு பிராயத்திலேயே அவருக்கு விவாகம் நிகழ்ந்தது, அது நிலைக்கவில்லை. தந்தையாரும் மறைந்தார். ஆதரவற்ற தாயும் மகளும் திருச்சிராப்பள்ளி சென்று சேர்ந்தனர். அடுத்த வேளை உணவுக்கு வழி தேட வேண்டிய நிலையில், அச்சிறுமிக்கு உதவியது அவரது குரலே. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு கிட்டவே, சி. எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில் இடம் பெற்றார். ஊரார் ஏசுவர் என்பதை அறிந்தே அவர் மேடையேறினார். பசியைத் தீர்க்க வராத ஊராரின் ஏச்சுக்கு அஞ்சிப் பயன் என்னை?

மேடையிற் பெயர் பெற்றபின், ஊமைப் படங்களிலும் நடித்தார். 'கோவலன்' அவற்றுள் ஒன்று. பின்னர், எச். எம். ரெட்டி இயக்க, பம்பாயில் அர்தேஷிர் இரானியின் நிலையத்தில் உருவான 'காளிதாஸ்' 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ம் நாள் சென்னையிலுள்ள கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது மக்கள் மலர் தூவியும் தேங்காய் உடைத்தும் அதனை வரவேற்றனர் என்பர். அப்படத்தில் நாயகர் தெலுங்கிற் பேச, அம்மையார் தமிழிற் பேசினார். மதுரை பாஸ்கரதாஸ் பாடல்களை இயற்றினார். கதைக்குத் தொடர்பில்லாத தேசியப் பாடலும் அதில் இடம்பெற்றது. காந்தியடிகளின் கைராட்டையைப் போற்றும் அப்பாடலை அம்மையார் பாடினார்.

இனி, வாய்ப்பு என்னும் கூற்றை ஆராய்வோம். பிறர் குரலை இரவல் வாங்கி வாயசைக்கும் முறை அக்காலத்தில் இல்லை. நடிப்பவரே பாடவும், பாடுபவரே ஆடவும் வேண்டும். கருவியின் முன் பிழையறப் பேசவும் வேண்டும். இம்மூன்றும் ஓரிரவில் அமைவனவல்ல. ஆண்டுக்கணக்கில் மேடையிற் பயின்றமையால் அமைந்தவை. வாய்ப்பு எல்லார் வாயிற்கதவையும் தட்டலாம்; அக்கதவைத் திறக்கும் ஆற்றல் சிலர்க்கே உண்டு. 1933-ல் வெளிவந்த 'வள்ளி திருமணம்' பெருவெற்றி பெற்றமை, முதற் படத்தின் புகழ் வெறும் புதுமைக் கவர்ச்சியன்று என்பதைக் காட்டும். அதில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தையே பின்னர் அம்மையார் மணந்துகொண்டார்.

இவற்றினும் பெரிது 1936-ல் நிகழ்ந்தது. புராணக் கதைகளே மிகுதியாகப் படமாகிய அந்நாளில், தாம் எழுதிய 'கமலவல்லி' என்னும் நாவலை 'மிஸ் கமலா' என்னும் சமூகப் படமாக்கித் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னாட்டில் திரைப்படத்தை இயக்கிய முதற் பெண்மணி அவரே. பின்னர் 'மதுரை வீர'னையும் இயக்கினார். பெண் மகவு என்பதாற் கொல்லப்பட இருந்த ஒரு குழந்தையை மீட்டு, தம் மகளாக வளர்த்த செய்தியும் அவர் சரிதத்தில் உண்டு. 1940-களில் புதியோர் பலர் வந்தனர். அவர் ஒளி மங்கலாயிற்று. 1964-ல் காலமானார்.

அவரது நடிப்பின் நுட்பத்தை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆதலின், ஒப்புயர்வற்ற நடிகை என்று கூறுவாருடன் நாம் சேரவில்லை. ஆயினும், எழுதவும் இயக்கவும் பொருளிட்டுப் படமெடுக்கவும் துணிந்த ஒருவரை வெறும் வரிசை எண்ணாகக் குறைப்பது நடுவுநிலையன்று. சுருள் அழிந்தது அவர் குற்றமன்று. காவாது விட்டோர் குற்றம்.

நாம் முற்கூறிய வினா இதுவே. அம்மையாரை இன்று நாம் எல்லோரும் வியந்து பேசுகின்றோம். அவர் மேடையேறிய நாளில் நாம் இருந்திருப்பின், அவரை நம் வீட்டுத் திருமணத்திற்கு அழைத்து முன்வரிசையில் அமர்த்தியிருப்போமா? நெஞ்சறிய ஆம் என்று சொல்லவல்லார் நம்முட் சிலரே. சென்ற காலத்தை நம்மால் திருத்த இயலாது. நம் குடும்பங்களில் இன்று பாட்டிலோ கூத்திலோ எழுத்திலோ நாட்டமுள்ள சிறுமியர் பலர் உளர். அவர்களை ஊரார் ஏசும்போது அருகில் நிற்பது நம் கடமையாம். அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே என்பது எம் துணிபு.