போத்தனூர் அம்மையாரின் மைந்தர்: கணித மேதை ஆலன் டூரிங்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பத்தார் பலர், கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர்ச் சந்திப்பை இரயில் வண்டியின் பலகணி வழியே கண்டிருப்பர். அவ்வூரிலே 1881ஆம் ஆண்டு ஓர் ஆங்கிலப் பொறியாளரின் இல்லத்தில் பெண் மகவு ஒன்று பிறந்தது. ஈதல் சாரா ஸ்டோனி என்பது அம்மகவின் பெயர். தந்தையார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி, பின்னாளில் சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர். அந்த அம்மையாரின் இளைய மைந்தரே, கணிப்பொறி இயலுக்கு அடிகோலியவர் என்று உலகம் இன்று போற்றும் ஆலன் டூரிங். அன்னாரின் வாழ்க்கை பெருமையும் துயரமும் ஒருங்கே நிறைந்தது. நம் இளைஞர்கள் அறிய வேண்டியது. பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பிரிவில் வளர்ந்த பிள்ளை

ஆலனின் தந்தை ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர். 1907இல் தாயகம் நோக்கிய கப்பற் பயணத்தில் சாரா அம்மையாரைச் சந்தித்தார். அவ்வாண்டிலேயே டப்ளின் நகரில் திருமணம் நடந்தேறியது. மூத்த மகன் ஜான் 1908இல் நீலகிரியிலுள்ள குன்னூரிலே பிறந்தார். இரண்டாம் முறை அம்மையார் கருவுற்றபோது, கணவர் சத்திரபூரில் பணியிலிருந்தார். இன்று ஒடிசாவில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. குழந்தை இங்கிலாந்திலேயே பிறக்கட்டும் என்று விடுப்புப் பெற்றுச் சென்றனர். 1912 ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் ஆலன் பிறந்தார்.

தந்தையார் மீண்டும் கடல் கடந்து பணிக்குத் திரும்பினார். குழந்தைக்கு ஒன்றரை வயது நிறையுமுன் அன்னையும் சென்னை மாகாணத்திற்குப் புறப்பட்டார். இந்திய வெப்பமும் நோய்களும் பிள்ளைகளுக்கு ஆகா என்று அஞ்சிய பெற்றோர், கடற்கரை ஊராகிய செயின்ட் லெனார்ட்ஸில் ஓய்வு பெற்ற படையதிகாரி ஒருவரின் இல்லத்தில் மக்கள் இருவரையும் ஒப்படைத்தனர். 1926இல் தந்தையார் பணியைத் துறக்கும் வரையில், பெற்றோரின் வருகை சில திங்களுக்கும், பிரிவு பல திங்களுக்குமாக அச்சிறுவர் வளர்ந்தனர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, பிள்ளைகளைப் பாட்டன் பாட்டியரிடம் விட்டுப் பிரிந்திருந்த குடும்பங்கள் நம் குடியிருப்பிலும் உண்டு. இத்துயரை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

1926ஆம் ஆண்டில், பதின்மூன்று வயதில், ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டார் ஆலன். அவ்வமயம் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம், இரயில்கள் ஓடவில்லை. சிறுவர் தளரவில்லை. கப்பல் துறையாகிய சௌதாம்ப்டனிலிருந்து மிதிவண்டியிலேயே ஏறத்தாழ 60 மைல் சென்று, இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, பள்ளியை அடைந்தார். ஆயினும் பள்ளியில் ஆசிரியர்களின் பாராட்டு எளிதில் கிட்டவில்லை. கையெழுத்து சிதைவு, ஏட்டில் மைக்கறை, இலக்கியப் பாடங்களில் நாட்டமின்மை என்று குறைகள் பல கூறப்பட்டன. கணக்கை மட்டும் தாமே கண்ட வழியில் செய்து முடிப்பார்.

அத்தனிமையில் அவருக்கு வாய்த்த அரிய நண்பர் கிறிஸ்டபர் மார்க்கம். வானியலும் கணிதமும் இருவரையும் பிணைத்தன. ஆலன் அந்நண்பரிடம் ஆழ்ந்த அன்பு வைத்திருந்தார். 1930 பிப்ரவரியில் கிறிஸ்டபர் காசநோயால் காலமானார். உடல் அழிந்தபின் அறிவு என்னவாகும், சடப்பொருளில் மனம் எவ்வாறு குடிகொள்கிறது என்னும் வினாக்கள் அந்நாள் முதல் ஆலனின் உள்ளத்தில் வேரூன்றின. நண்பரின் அன்னையாருக்குப் பல ஆண்டுகள் மடல் எழுதி வந்தார்.

கணக்கரும் கற்பனைப் பொறியும்

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். நம் இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த பேராசிரியர் ஹார்டி, ஆக்ஸ்போர்டிலிருந்து கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியதும் அதே ஆண்டில்தான். 1935இல், இருபத்திரண்டு வயதிலேயே, டூரிங் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அக்காலத்தில் ஜெர்மானியக் கணித அறிஞர் ஹில்பர்ட் எழுப்பிய வினா ஒன்று கணித உலகை வாட்டி வந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா அன்றா என்று, குறித்த விதிகளின்படி சென்று முடிவு கூறும் பொதுமுறை ஒன்று உண்டா என்பதே அவ்வினா. டூரிங் இதனை மிக எளிய இடத்திலிருந்து அணுகினார். கட்டம் போட்ட தாளில் கணக்கெழுதும் ஒரு கணக்கரை எண்ணிப் பாருங்கள். அவர் ஒரு கட்டத்திலுள்ள குறியைப் பார்க்கிறார்; மனத்திலுள்ள விதியை நினைக்கிறார்; குறியை மாற்றி எழுதுகிறார்; அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். இச்செயல்களை மட்டும் செய்யும் பொறி ஒன்றைக் கற்பனை செய்தார் டூரிங். முடிவின்றி நீளும் ஒரு நாடா, அதில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமாகப் படித்து எழுதும் ஒரு தலை, சில விதிகள்: இவ்வளவே அப்பொறி.

இதன்பின் அவர் வைத்த அடியே பேரடி. ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு பொறி வேண்டுவதில்லை. விதிகளையும் குறிகளாக்கி நாடாவிலேயே எழுதிவிட்டால், ஒரே பொறி எல்லாப் பொறிகளின் வேலையையும் செய்யும் என்று காட்டினார். இன்று ஒரே கைப்பேசி கடிதமும் எழுதி, கணக்கும் போட்டு, பாட்டும் இசைக்கிறதே, அதன் அடிப்படைத் தத்துவம் இதுவே. இவ்வளவு ஆற்றல் வாய்ந்த பொறியாலும் தீர்க்கவொண்ணாத வினாக்கள் உண்டு என்பதையும் அவர் அதே கட்டுரையில் நிறுவினார். ஆகவே, ஹில்பர்ட் வேண்டிய பொதுமுறை இல்லை என்பது உறுதியாயிற்று. அமெரிக்க அறிஞர் அலோன்சோ சர்ச் வேறு வழியில் இதே முடிவை எய்தியிருந்தார். 1936இல் எழுந்த அக்கட்டுரைக்குப் பின் டூரிங் பிரின்ஸ்டன் சென்று, சர்ச்சின் கீழ் ஆராய்ந்து, 1938இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

மறைமொழிப் போர்

1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே டூரிங், பிளெட்ச்லி பார்க் என்னும் மாளிகையில் இயங்கிய இரகசிய அலுவலகத்தில் பணியேற்றார். ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைமொழியாக மாற்றி அனுப்பினர். ஐந்து சக்கரங்களுள் மூன்றைப் பொறுக்கி வரிசைப்படுத்த 60 வழிகள். அவற்றைத் திருப்பி வைக்க 17,576 நிலைகள். இவற்றுக்கும் மேல், எழுத்துக்களை இரண்டிரண்டாகக் கம்பியால் இணைக்கும் பலகை வேறு. எல்லாம் சேர்ந்த வழிகளின் எண்ணிக்கை, ஆயிரமாயிரம் எழுத்தர் ஆயுள் முழுதும் முயன்றாலும் எண்ணித் தீராதது. அவ்வமைப்பையும் நாள்தோறும் மாற்றி வந்தனர்.

இப்பொறியின் மர்மத்தை முதலில் துலக்கியவர்கள் ரெஜெவ்ஸ்கி முதலிய போலந்து நாட்டுக் கணித அறிஞர் மூவர் என்பதை நன்றியுடன் கூறல் வேண்டும். அவர்தம் முடிபுகள் 1939 ஜூலையில் பிரிட்டனுக்குக் கிட்டின. அவ்வடித்தளத்தின்மேல் டூரிங் புதியதொரு பொறியை வகுத்தார். எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே மாறுவதில்லை. அதாவது அகரத்தை இட்டால் அகரம் வாராது. செய்தியில் இருக்கக்கூடிய ஒரு சொல்லை ஊகித்து, மறைமொழியோடு பொருத்தி, முரண்படும் அமைப்புகளையெல்லாம் மின்விசையால் விரைந்து தள்ளிவிடுவதே அப்பொறியின் வேலை. உடன் பணியாற்றிய வெல்ச்மன் அதனை மேலும் செம்மை செய்தார். 1940இல் முதற்பொறி இயங்கலாயிற்று.

அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களைத் தாக்கிய நீர்மூழ்கிகளின் செய்திகளே அவிழ்ப்பதற்கு மிகக் கடினமானவை. வேறெவரும் எடுக்கத் தயங்கிய அப்பணியை டூரிங் தாமே விரும்பி ஏற்றார். 1941 அக்டோபரில் ஆளும் பொருளும் போதாமையைக் கண்டு, தோழர் மூவருடன் பிரதமர் சர்ச்சிலுக்கே நேராக மடல் விடுத்தார். உடனே உதவி கிட்டிற்று. இத்தொண்டினால் எண்ணற்ற மாலுமிகள் உயிர் தப்பினர். ஆயின் அதனை அவர் எவரிடமும் சொல்லவொண்ணாது. பெற்ற அன்னைக்கும் சொல்லவில்லை.

இயந்திரம் எண்ணுமோ?

போருக்குப் பின் 1945இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, நிரலைத் தன்னுள்ளே தாங்கும் மின்னணுக் கணிப்பொறி ஒன்றுக்கு விரிவான திட்டம் வரைந்தார். அலுவலகத் தாமதங்களால் மனம் சலித்து, 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு எழுந்த கணிப்பொறிக்கு நிரல் எழுதும் முறையை விளக்கும் கையேட்டை இயற்றினார். 1950இல் வெளியிட்ட கட்டுரையில், இயந்திரம் சிந்திக்குமா என்னும் வினாவுக்கு ஒரு சோதனையை முன்மொழிந்தார். திரைமறைவிலிருந்து எழுத்தால் விடையளிப்பது மனிதரா இயந்திரமா என்று கேட்பவர் பிரித்தறிய முடியாதாயின், அதற்குச் சிந்தனையில்லை என்று எவ்வாறு கூறுவது என்று வினவினார். 1952இல், வரிக்குதிரையின் வரியும் சிறுத்தையின் புள்ளியும் போன்ற கோலங்கள் உயிர்களில் எவ்வாறு எழுகின்றன என்பதைச் சமன்பாடுகளால் விளக்க முற்பட்டார். இடையே ஓட்டப் பயிற்சியையும் விடவில்லை. 1947இல் மாரத்தான் தொலைவை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

நாடு செய்த கைம்மாறு

1952இல் தம் வீட்டில் திருட்டு நிகழ்ந்ததென்று டூரிங் தாமே காவலரிடம் முறையிட்டார். விசாரணையில், ஆண் ஒருவரோடு அவர் கொண்டிருந்த உறவு வெளிப்பட்டது. அவர் அதனை மறைக்கவில்லை. அந்நாளைய ஆங்கிலச் சட்டப்படி அது குற்றம். முறையிட வந்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். சிறை செல்க, அன்றேல் இயல்பை ஒடுக்கும் சுரப்புநீர் மருந்தை ஓராண்டு ஏற்க என்றனர். அவர் மருந்தை ஏற்றார். நாட்டின் இரகசியங்களைக் காத்த அவருக்கு, இரகசியப் பணியின் கதவு அடைக்கப்பட்டது. 1954 ஜூன் 7ஆம் நாள், 42 வயது நிறையுமுன், சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். தற்கொலை என விசாரணை மன்றம் முடிவு கூறிற்று. வீட்டில் அவர் செய்துவந்த இரசாயனச் சோதனையில் நேர்ந்த விபத்தே அதுவென்று அன்னையார் இறுதிவரை நம்பினார்.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மையார், முதிய வயதில் 1959ஆம் ஆண்டு மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். மகனின் போர்க்காலத் தொண்டு அப்போதும் அரசின் இரகசியம். ஆதலின் அந்நூலின் நடுவே அப்பக்கங்கள் வெறுமையாகவே நின்றன எனலாம். 1970களின் நடுவிலேதான் அம்மறைவு விலகத் தொடங்கியது. 1976இல் அம்மையார் மறைந்தார்.

பின்னர் உலகம் கண் திறந்தது. 1966 முதல் கணிப்பொறி இயலின் தலையாய விருது டூரிங் பெயரால் வழங்கப்படுகிறது. நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற இராஜ் ரெட்டி 1994இல் அவ்விருதைப் பெற்றார். 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021இல் 50 பவுண்டு நாணயத்தாளில் டூரிங் உருவம் இடம்பெற்றது. ஆங்கிலேயர் 1860இல் நம் நாட்டுக்கு எழுதிவைத்த இத்தகைய சட்டப்பிரிவின் பிடியையும், வயது வந்தோர் மனமொத்த உறவைப் பொறுத்தவரை, 2018இல் நம் உச்ச நீதிமன்றம் அகற்றிற்று.

நம் வீட்டுப் பிள்ளைகளுள்ளும் கையெழுத்துச் சிதைந்தவர் உண்டு. தனித்து நிற்பவர் உண்டு. பிறரைப் போல் இல்லாதவர் உண்டு. அவர்களை ஒறுத்துத் திருத்த முற்படுமுன், அறுபது மைல் மிதிவண்டியில் தனியே சென்ற அச்சிறுவரை நினைவு கூர்வோமாக. மறைந்தபின் சிலை வைப்பதினும், இருக்கும்போது அன்பு காட்டுவது எளிது, செலவும் இல்லை.