பரீட்சையில் தவறிய துறவி



பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் சில வீடுகள் துக்க வீடுகளாகி விடுகின்றன. புள்ளி குறைந்த பிள்ளையைப் பார்த்து, மூளையில்லாதவன் என்று பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். அச்சொல்லைச் சொல்லுமுன் கிரகர் மெண்டல் அடிகளாரின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அவர் 1822ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரியப் பேரரசிலே ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். தந்தை விபத்தொன்றிற் காயமுற்றுத் தொழில் செய்ய இயலாது போனார். அவ்வேளை தங்கை தெரேசா தன் சீதனத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து அண்ணனின் படிப்பைத் தொடரச் செய்தாள். 1843இல் அவர் புர்னோ நகர் அகுஸ்தீனார் மடத்திற் சேர்ந்து, 1847இல் குருவானார். நோயாளரின் வேதனையைக் காணப் பொறுக்காத மென்மையான உள்ளம் அவருடையது. எனவே மடாதிபதி நாப் அவரைப் படிப்பிக்க அனுப்பினார்.

நிரந்தர ஆசிரியராவதற்குப் பரீட்சையிற் சித்தியடைய வேண்டும். 1850இல் வியன்னாவில் தோற்றினார், தவறினார். உயிரினங்களைப் பற்றிய பாடமும் அவரைக் கைவிட்ட பாடங்களுள் ஒன்று! மடாதிபதியோ அவரைக் கடிந்து ஒதுக்கவில்லை. 1851இல் வியன்னாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். 1856இல் மீண்டும் பரீட்சைக்குச் சென்றவர், சுகவீனமுற்றுச் சான்றிதழின்றியே திரும்பினார். இறுதிவரை பதில் ஆசிரியராகவே படிப்பித்தார்.

அதே ஆண்டில் மடத்துத் தோட்டத்திலே பட்டாணி ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது, முதற் தலைமுறையில் எல்லாம் உருண்டை விதைகளே. அடுத்த தலைமுறையின் 7,324 விதைகளையும் எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பெற்றோரின் இயல்புகள் ஓர் ஒழுங்கின்படியே பிள்ளைகளைச் சேர்கின்றன என்று கண்டார்.

1865இல் இதை எடுத்துரைத்தார். 1866இல் கட்டுரை அச்சாயிற்று. பட்டம் பெற்ற அறிஞர்கள் அதன் பெறுமதியை உணரவில்லை. 1868இல் மடாதிபதியாகி, 1884இல் இறைவனடி சேர்ந்தார். 1900இலேதான் தாவரவியலாளர் மூவர் அதே உண்மையைக் கண்டு, அவர் முந்திக்கொண்டதை அறிந்தனர். பிறப்புரிமையியலின் தந்தை என இன்று உலகம் அவரை அழைக்கிறது. அவருடைய விதிகளை எழுதி நம் பிள்ளைகள் புள்ளி பெறுகிறார்கள்.

பரீட்சை பொய் சொல்லவில்லை. அன்று அவருக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதை அது காட்டிற்று. ஆனால் எட்டு ஆண்டுகள் சலியாது எண்ணும் பொறுமையையும், பிறர் கேளாததைக் கேட்கும் சிந்தனையையும் அளக்க அதற்கு வழியில்லை. நாப் அடிகளார் அந்தப் பெறுபேற்றை, இன்னும் படிப்பிக்க வேண்டும் என்ற அறிவித்தலாக எடுத்துக்கொண்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளை நீங்களும் அவ்விதம் வாசியுங்கள். எந்தப் பாடத்தில் உதவி தேவை என்று பாருங்கள். எதில் ஆவலோடு ஈடுபடுகிறான் என்றும் கேளுங்கள்.