முப்பத்திரண்டரை வறுவல்

சென்ற ஆண்டு டாக்குரியாவில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீட்டில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினோம். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஓர் ஏடு. மூன்றாம் இதழோடு அது நின்று போயிற்று. இருந்தது ஒரே பிரதி. அதைப் படித்தவர் இருபது பேருக்கு மேல் இரார். அச்சேறாத எழுத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று எங்களுள் ஒருவர் கேட்டார். எவருக்கும் விடை சொல்லத் தெரியவில்லை.

அண்டை வீட்டில் ஒரு வங்காளிப் பெரியவர் இருக்கிறார். அவரிடம் இந்த வருத்தத்தைச் சொன்னேன். அவர் பழுப்பேறிய ‘ஆச்சர்ஜோ’ இதழ்கள் சிலவற்றை எடுத்துவந்து காட்டினார். 1963-இல் அத்ரீஷ் வர்தன் தொடங்கியது அது. வங்காளத்தில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வந்த முதல் திங்களேடு. ஆனால் இந்தக் கதை அதற்கும் முன்னே தொடங்குகிறது என்று சொல்லி, பெரியவர் சுகுமார் ரேயின் பக்கம் என்னைத் திருப்பிவிட்டார். திரைப்பட மேதை சத்யஜித் ரேயின் தந்தை என்ற அளவில்தான் அவரை நான் அறிந்திருந்தேன். நம்மில் பலரும் அப்படித்தான்.

சுகுமார் 1887-இல் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். படங்களைப் புள்ளிகளாக்கி அச்சிடும் கலையை இந்நாட்டில் வளர்த்த முன்னோடி. மகன் மாநிலக் கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் பயின்று பட்டம் பெற்றார். கல்கத்தாவின் மாநிலக் கல்லூரியைத்தான் சொல்கிறேன்; நம் சென்னைக் கல்லூரி அன்று!

படிப்பு முடிந்த அந்நாட்களில் உறவினரையும் நண்பரையும் கூட்டி ‘நான்சென்ஸ் கிளப்’ என ஒன்று அமைத்தார். அதற்கொரு கையெழுத்துப் பத்திரிகை. பெயர் ‘சாடே பத்ரிஷ் பாஜா’. முப்பத்திரண்டரை வறுவல் என்று பொருள். தெருவில் கூவி விற்கும் கலவைத் தீனியின் பெயர் அது. மேலட்டையும் பெரும்பாலான படங்களும் சுகுமாரே வரைந்தவை. ஆசிரியர் பகுதிக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஐந்து கசப்புகளின் கஷாயம்! குழந்தைகளுக்கு நடுவே நடந்த ஏடுதான்; ஆயினும் அந்தக் கஷாயத்தை வீட்டுப் பெரியவர்களும் ஆவலோடு அருந்தினார்களாம்.

இங்கே நான் நின்று யோசித்தேன். அச்சு என்பது கைக்கெட்டாதவர் அல்லர் சுகுமார். தந்தையின் தொழிலே அது. 1911-இல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் படஅச்சுக் கலையைக் கற்றுத் தேர்ந்தார். அத்தகையவர் பழகிய களம் ஒரே பிரதி உள்ள ஏடு. அமெரிக்காவில் விஞ்ஞானக் கதைப் பித்தர்கள் சிலர் 1930-இல் ‘தி காமெட்’ என்ற ஏட்டைத் தாமே படியெடுத்துத் தமக்குள் அனுப்பிக்கொண்டார்கள். இரசிகர் ஏடுகளின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வறுவல் ஏடு அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அது விஞ்ஞானக் கதை ஏடு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால், படிப்பவனே எழுதுவது, எழுதுபவனே வரைவது, அனைத்தும் நண்பருக்காகவே என்ற அந்த முறை ஒன்றேதான்.

1913-இல் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டு தந்தை ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் தந்தை மறைந்தார். இதழும் அச்சகமும் சுகுமாரின் தோளில் ஏறின. திங்கட்கிழமை கூடும் நண்பர் கழகம் ஒன்றும் அவரைச் சூழ்ந்திருந்தது. மொழியறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி அதில் ஓர் உறுப்பினர்.

1921-இல் சத்யஜித் பிறந்தார். அதே ஆண்டு தந்தையைக் காலா-அசார் காய்ச்சல் பற்றியது. இதில் ஒரு கொடுமை உண்டு. அந்நோய்க்கான மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற மருத்துவர் அதே கல்கத்தாவில் 1920-இல்தான் கண்டறிந்திருந்தார். அது எங்கும் பரவுமுன் சுகுமாரின் காலம் முடிந்துவிட்டது.

படுக்கையில் கிடந்தும் அவர் எழுதினார், வரைந்தார். ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ அக்காலத்தது. கானன் டாயிலின் ‘இழந்த உலகம்’ நாவலை நையாண்டி செய்யும் கதை. ஒரு பேராசிரியர் காரகோரம் மலைப்பக்கம் போய், யாரும் காணாத விலங்குகளைக் கண்டு பெயர் சூட்டுகிறார். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது ‘கோம்ராதேரியம்’. ஓயாது அலறுவது ‘சில்லானோசாரஸ்’. வங்காளி வீட்டுப் பேச்சுக்கு இலத்தீன் வால் ஒட்டிய இப்பெயர்களைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். பௌதிகமும் ரசாயனமும் படித்த ஒருவர்தான் விஞ்ஞானத்தை இவ்வளவு உரிமையோடு கேலி செய்ய முடியும்.

‘ஆபோல் தாபோல்’ என்னும் பாடல் நூலுக்கு வேண்டிய படங்களையும் நோயின் ஊடே முடித்தார். 1923 செப்டம்பர் 10-ஆம் நாள் மறைந்தார். வயது முப்பத்தைந்து. நூல் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. அச்சுக் கலையையே கற்ற அவர் அதை அச்சில் காணவில்லை.

சில ஆண்டுகளில் அச்சகமும் வீடும் கைவிட்டுப் போயின, சந்தேஷும் நின்றது. 1961-இல் சத்யஜித் அதைப் புதுப்பித்து, அதிலேயே பேராசிரியர் ஷோங்குவின் விண்பயணக் கதையை எழுதினார். அதுவும் ஒரு விசித்திரப் பேராசிரியரின் நாட்குறிப்பு! ஹேஷோராமின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. 1966-இல் ‘ஆச்சர்ஜோ’ அன்பர்கள் விஞ்ஞானத் திரைப்படக் கழகம் ஒன்று அமைத்தபோது தலைவராக இருந்தவரும் அவரே.

இதையெல்லாம் வீட்டு நண்பர்களுக்குச் சொன்னேன். பாடு எதற்கு என்று கேட்டவர்தான் முதலில் எழுந்து போய்த் தாள் வாங்கி வந்தார். நான்காம் இதழுக்கு மேலட்டை வரைய ஆள் இல்லை. விருப்பமுள்ளவர் சங்கத்தில் என்னைக் கண்டு சொல்லலாம். கூலி ஒரு குவளைத் தேநீர்.