சப்ரகமுவ மண்ணும் ஆனந்த குமாரசுவாமியின் கலாநிதிப் பட்டமும்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது நடராசர் வடிவம் பற்றிய அவரது எழுத்துத்தான். கலாயோகி என்றே அவரை அழைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது கலைக்காக அல்ல. இலங்கையின் பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்ந்ததற்காகவே கிடைத்தது. அந்த ஆய்வில் சப்ரகமுவ மலைகளுக்கும் பங்குண்டு.

1877 ஆகஸ்ட் 22இல் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். வழக்கறிஞர், சட்டநிரூபண சபை உறுப்பினர். தாய் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தை காலமானார். தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்த ஆனந்தர், இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார்.

பிறந்த மண்ணுக்குத் திரும்பிய அவர், 1903இல் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவின் முதற் பணிப்பாளரானார். அப்போது வயது இருபத்தைந்து. நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று பாறைகளைப் பதிவு செய்தார்.

இரத்தினபுரி மாவட்டத்தில் மாணிக்கக்கல் தேடிச் சரளை மண்ணைக் கழுவுவோரின் கூடைகளில் கறுப்பான, பாரமான சிறு கற்களும் தங்குவதுண்டு. பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த அத்தகைய கற்களை 1904இல் அறிவியல் உலகின் கவனத்துக்குக் கொண்டு சென்றவர்களில் குமாரசுவாமியும் ஒருவர். முதலில் அது யுரேனியக் கனிமம் என்று கருதப்பட்டது. இலண்டனில் பகுப்பாய்வு செய்தபோது தோரியம் நிறைந்த புதிய கனிமம் என்று தெரிந்தது. தோரியனைற் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே ஓட்டோ ஹான் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான்.

இந்த ஆய்வுகளுக்காக 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் குமாரசுவாமிக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

ஆனால் பாறை தேடிப் போனவரின் கண்ணில் மனிதர்களும் பட்டார்கள். பலாங்கொடைப் பக்கத்துக் கொல்லர்கள் துருத்தியால் உலையூதி இரும்பு உருக்குவதையும், இரும்புத் துண்டுகளோடு மரச்சிராய்களைக் களிமண் கலத்தில் இட்டு அடைத்துச் சூடாக்கி உருக்குச் செய்வதையும் அவர் பதிவு செய்தார். மரத்திலுள்ள கரி இரும்பில் சேர்வதால்தான் அது உருக்காகிறது. சேலம் பகுதியில் பெயர்பெற்ற உருக்கும் இதே வழியில் உருவானதுதான். மலிவான இறக்குமதி இரும்பு வந்ததும் அந்த உலைகள் அணைந்துகொண்டிருந்தன. தொழில் அழிந்தால் அறிவும் அழியும் என்பதை அவர் அங்கே கண்டார். 1908இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூலில் அந்தக் கொல்லர்களுக்கும் இடம் கிடைத்தது.

அவரது பதிவு வீண்போகவில்லை. பலாங்கொடைக்கு அருகே சமனலவெவவில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயங்கிய இரும்பு உலைகளைக் கில் ஜூலெஃப் ஆராய்ந்து 1996இல் உலகுக்கு அறிவித்தார்.

1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இணைந்த குமாரசுவாமி, 1947 செப்ரெம்பர் 9இல் அங்கேயே காலமானார். மறு ஆண்டு வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் ஆராய்ந்த அதே மலைகளில் அன்று தோட்ட லயங்களிலும் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். குமாரசுவாமியிடம் திறமையோடு தந்தையின் சொத்தும் இலண்டன் படிப்பும் இருந்தன. லயத்துப் பிள்ளைக்கு ஒழுங்கான பள்ளிக்கூடமே இருக்கவில்லை. இன்று பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் நிற்கிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியரும் ஆய்வுகூடமும் கிடைத்தால், அந்த மண்ணிலிருந்து அடுத்த கலாநிதி லயத்திலிருந்தே வரலாம். போரில் எல்லாவற்றையும் இழந்த பின்னும் பிள்ளையின் புத்தகப்பையைக் கைவிடாத நமக்கு இது புரியாததல்ல.